கந்தையும் கொடையும்: வங்க மகளிரின் காந்தாத் தையல்

கந்தை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் உள்ளத்தில் தோன்றுவது வறுமையே. கிழிந்தது, தேய்ந்தது, பயன் ஒழிந்தது என்னும் கருத்துகளே அச்சொல்லைச் சூழ்ந்து நிற்கின்றன. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியும் கந்தையை இழிந்ததெனக் கொண்டு, இழிந்ததாயினும் தூய்மை வேண்டும் என்றே அறிவுறுத்துகின்றது. இச்சொல்லுக்கு இனமான 'காந்தா' என்னும் சொல் வங்கமொழியில் வேறொரு நிலையில் வழங்குகின்றது. ஆங்கு அது பழந்துணிகளை அடுக்கித் தைத்த போர்வைக்குப் பெயர். தாய் மகவுக்கும், மகள் தந்தைக்கும், மனைவி கணவனுக்கும் தம் கையால் தைத்தளிக்கும் பொருளுக்குப் பெயர். ஒரு மொழியில் இல்லாமையைக் குறிக்கும் சொல், மற்றொரு மொழியில் கொடுத்தற்குரிய பொருளைக் குறிப்பது எங்ஙனம்? இவ்வினாவை முன்னிறுத்தி, வங்க மகளிர் இல்லத்தின்கண் தைத்த காந்தாக்களின் இயல்பை விளக்குவதும், அவ்விளக்கத்தால் நம் சொல்வழக்கின்மேல் விழும் ஒளியைக் காண்பதும் இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட பணியாகும்.

1. தமிழில் ஒட்டுத்துணி

கந்தை என்பது 'கந்தா' என்னும் வடசொல்லின் வழிவந்தது என்பர். வங்கமொழிக் காந்தாவுக்கும் அதுவே மூலம் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. சங்கச் செய்யுட்களிலோ தைத்து ஒட்டிய துணியைக் கூறுமிடத்துத் துன்னம் என்னும் சொல்லே ஆளப்படுகின்றது. துன்னம் என்பது தைப்பு. புகார் நகரத்துத் தொழிலாளரை நிரல்படக் கூறும் இளங்கோவடிகளும் துன்னகாரரைக் குறிப்பிடுகின்றார்.

பொருநராற்றுப்படையில் கரிகாலனைக் காணச் சென்ற பொருநனின் உடை, ஈரும் பேனும் குடிகொண்டு, வியர்வையில் நனைந்து, வேற்று நூல் புகுந்த தையல்களை உடைய கந்தலாகக் காட்டப்படுகின்றது. மன்னன் அதனை நீக்கிப் பாம்பின் உரி போன்ற நுண்ணிய ஆடையை அவனுக்கு அளிக்கின்றான். புறநானூற்றின் 136ஆம் பாட்டில் ஆய் அண்டிரனைப் பாடும் துறையூர் ஓடைகிழார், பல தையல்களின் இடைவெளிகளைப் பற்றிக்கொண்டு வாழும் பேன்களையே தமக்குப் பகையாக எண்ணுகின்றார். இவ்விடங்களில் தையலின் மிகுதி வறுமையின் அளவுகோலாக நிற்கின்றது. புரவலனின் கொடையாவது துன்னம் பட்டதைக் களைந்து, துன்னம் படாத முழு ஆடையைத் தருதலாகும்.

பிற்காலத்தே கந்தைக்கு மற்றொரு பொருள் சிறக்கின்றது. 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் திருக்கூட்டச் சிறப்பில், அடியார்க்குக் கண்டிகையே ஆரம் எனவும் கந்தையே ஆடை எனவும் பெருமிதம் தோன்றப் பேசுகின்றார். ஈண்டுக் கந்தை வறுமையன்று, வேண்டாமையாகிய விழுச்செல்வம். பழையாறையில் வாழ்ந்த வணிகரான அமர்நீதியார், அடியவர்க்குக் கந்தையும் கீளும் கோவணமும் அவர்தம் கருத்தறிந்து உதவினார் என அவர் வரலாறு கூறுகின்றது. எனவே கந்தை கொடைப்பொருளாதல் தமிழில் அறவே இல்லாததன்று. ஆயினும் அக்கொடை துறந்தார்க்கு உரியது. பெறுவோரின் துறவே அப்பொருளுக்குச் சிறப்பை நல்குகின்றது. பௌத்தத் துறவியரும் துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடையை உடுப்பர். மகத நாட்டு வயல்களும் வரப்புகளும் அமைந்த முறையில் அது தைக்கப்பெறல் வேண்டும் எனப் புத்தர் ஆனந்தருக்கு உணர்த்தியதாக விநயபிடகம் கூறும்.

ஆகவே, ஒட்டுத்துணியை நம் இலக்கியம் இரு நிலைகளில் கண்டது எனலாம்: ஒன்று இல்லாதார் உடை, மற்றொன்று வேண்டாதார் உடை. உள்ளவரும் விரும்பிச் செய்து, உற்றார்க்கு உவந்தளிக்கும் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. அதனைத் தெளிவுறக் காட்டுவதே வங்கக் காந்தா.

2. துணியும் இழையும் சேர்த்தல்

காந்தாவின் தொடக்கம் ஊசியன்று, சேமிப்பு. வங்க நாட்டு இல்லங்களில் உடுத்துத் தேய்ந்த வேட்டிகளும் புடைவைகளும் எறியப்படாமல் துவைத்து மடித்து வைக்கப்பெற்றன. பருத்தித் துணி பன்முறை துவைக்கப்படுந்தோறும் அதன் கஞ்சியும் முரட்டுத்தன்மையும் நீங்கி மென்மை பெறுகின்றது. புதுத்துணியில் ஊசி தடைபடும். பழந்துணியில் எளிதிற் செல்லும். பல மடிப்புகளை ஊடுருவித் தைக்கவேண்டிய இவ்வேலைக்குப் பழந்துணியே தக்கது. மேலும், குழந்தையின் மெல்லிய உடலுக்கு இதனினும் இனிய துணி பிறிதொன்றில்லை. ஆதலின் காந்தாவுக்குப் பழந்துணியைக் கொண்டமை சிக்கனத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. அத்தொழிலின் தேவையே அதனை வேண்டிற்று.

நூலும் அங்ஙனமே சேர்க்கப்பெற்றது. புடைவையின் கரையில் உள்ள வண்ண இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சுற்றி வைத்துக்கொள்வர். சிவப்பு, கறுப்பு, நீலம் ஆகிய நிறங்கள் பழங்காந்தாக்களில் மிகுந்து காணப்படுதற்கு இதுவே காரணம்; புடைவைக் கரைகளில் அந்நிறங்களே பயின்றன. கடையில் வாங்கிய நூலால் செய்வதாயின் வேண்டிய நிறத்தை வேண்டிய அளவு பெறலாம். கரையில் உருவிய நூலோ அளவுட்பட்டது. ஒரு தாமரையிதழின் பாதி ஒரு சிவப்பிலும் மறுபாதி வேறொரு சிவப்பிலும் அமைந்திருத்தலைக் காணும்போது, ஆங்கு ஒரு புடைவையின் இழை முடிந்து மற்றொன்றின் இழை தொடங்கிற்று என உய்த்துணரலாம்.

இச்சேமிப்பின் தன்மை கருதத்தக்கது. அதில் அடங்கிய துணி ஒவ்வொன்றும் இன்னார் உடுத்தது என வீட்டார் அறிவர். தந்தையின் வேட்டியும் பாட்டியின் புடைவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெறும்போது, ஒரு குடும்பத்தின் உடுப்பு வரலாறே ஒரு போர்வையுள் அடங்கிவிடுகின்றது.

3. தையல் முறை

துணிகளைத் தரையில் விரித்துச் சுருக்கம் நீக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். சிறு பொருள்களுக்கு இரண்டு மூன்று அடுக்குகள் போதும். குளிர்காலப் போர்வைக்கு மேலும் பல வேண்டும். அடுக்குகள் நழுவாமல் நீண்ட தையல்களால் இடையிடையே பிணித்து, ஓரங்களை மடித்துத் தைத்துக்கொள்வர். அதன்பின் நடுவில் ஒரு தாமரையும் நான்கு மூலைகளில் மரமோ வளைந்த மாங்காய் வடிவமோ அமைப்பது பெருவழக்கு. இடைப்பட்ட வெளியில் யானை, குதிரை, பறவை, மீன், படகு, பல்லக்கு, தேர் முதலியனவும், அரிவாள்மணை, பாக்குவெட்டி, சீப்பு, கண்ணாடி போன்ற வீட்டுப் பொருள்களும் இடம்பெறும்.

இவையனைத்துக்கும் அடிப்படை ஒரே தையல். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் ஓட்டுத் தையலே அது. தையற்கலையில் முதன்முதற் கற்பதும் அதுவே. அவ்வெளிய தையலின் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும், வரிசைகளை இணையாகவும் வளைவாகவும் செலுத்தியும் எண்ணிறந்த தோற்றங்களை உண்டாக்கினர். உருவங்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெண்ணிற நூலால் நெருங்கத் தைக்கும்போது துணி நுண்ணிய அலைகளாகச் சுருங்குகின்றது. அவ்வலைவே காந்தாவைப் பிற பூத்தையல்களினின்று பிரித்துக் காட்டுவது. இராசசாகிப் பகுதியில் அலைவடிவமே முதன்மையாக அமைந்த ஒருவகையை லஹரி என்னும் பெயரால் வழங்குவர். லஹரி என்பதற்கு அலை என்பதே பொருள்.

நன்னூலார் தம் பாயிரத்தில் நூல் என்னும் பெயர்க்குக் காரணம் கூறுமிடத்து, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்தார். புலமைத் தொழிலுக்குப் பெண்ணின் கைத்தொழிலை உவமையாக்கத் தயங்காத மரபு நம்முடையது. தையல் என்னும் சொல் பெண்ணுக்கும் பெயராதல் நாம் அறிந்ததே. அவ்வாறிருந்தும், இல்லத்துப் பெண்டிர் தைத்தவற்றை ஒரு படைப்பாகக் கருதி ஆராயும் முயற்சி நம்மிடையே பெருகாமை வருந்தத்தக்கது.

4. வகைகள்

பயன் நோக்கிக் காந்தாக்கள் பல பெயர் பெறுகின்றன. தடித்த குளிர்காலப் போர்வை லேப் எனப்படும். விருந்தினர்க்கு விரிப்பதும் சிறப்பு நாட்களில் கட்டிலில் இடுவதும் சுஜனி. நூல்களையும் மதிப்புடைய பொருள்களையும் சுற்றிவைக்கும் சதுரத் துணி பஸ்தானி. கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைக்கும் நீண்டு குறுகிய துணி ஆர்ஷிலதா. தலையணைக்கு உறையாவது ஓயார். சதுரத்தின் மூன்று மூலைகளை நடுநோக்கி மடித்துத் தைத்த பை துர்ஜனி. சிறு கைத்துணி ரூமால். இவற்றுள் பூவேலை மிக்கவற்றை நக்சிகாந்தா என்பர். நக்சி என்பது சித்திர வேலைப்பாட்டைக் குறிக்கும் சொல்.

இப்பெயர்களை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. இவை யாவும் ஒன்றைப் போர்த்துவன, சுற்றுவன, பொதிவன. உறங்கும் உடல், படிக்கும் நூல், முகம் பார்க்கும் கண்ணாடி என வீட்டில் பேணத்தக்கவற்றைப் பொதிந்து காப்பதே காந்தாவின் தொழில்.

இத்தொழில் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. இந்துக்களின் இல்லங்களிலும் இசுலாமியரின் இல்லங்களிலும் காந்தா தைக்கப்பெற்றது. கண்ணனின் இராசக் கூத்தைக் காட்டும் காந்தாவும் உண்டு. தொழுகைக்கு விரிக்கும் காந்தாவும் உண்டு. வங்கத்திற்கு அப்பாலும் இதற்கு உறவுடைய தையல்கள் உள. வட கன்னடப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்கள் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வையைத் தைக்கின்றனர். அதன் நான்கு மூலைகளிலும் பூ எனப் பெயரிய சிறு முக்கோண ஒட்டுகளை வைத்த பின்னரே அதனை நிறைவுற்றதாகக் கொள்கின்றனர்.

5. கொடையின் இயல்பு

ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியனார் இரவின் கிளவி என்றார். தாழ்ந்தோன் ஈ என்றும், ஒத்தோன் தா என்றும், உயர்ந்தோன் கொடு என்றும் கூறுவன் என அவற்றின் வேறுபாட்டையும் வகுத்தார். கொடுத்தலும் பெறுதலும் இருவர்தம் நிலைவேறுபாட்டின்மேல் எழுவன என்பது இதன் உட்கிடை. ஆற்றுப்படை இலக்கியத்தில் நாம் காணும் கொடையும் இத்தகையதே: இரப்பவன் உளன், புரப்பவன் உளன், இருவர்க்கும் இடையே பாட்டு உண்டு.

காந்தாவில் இரவு இல்லை. மகப்பேற்றுக்கு முன்னரே பிறக்கவுள்ள குழந்தைக்கெனத் தைக்கப்பெறும் காந்தாவைக் கேட்டவர் ஒருவரும் இலர். பெறுவோரோ இன்னும் உலகைக் காணவில்லை. மணமாகிச் செல்லும் மகளுக்கு அளிக்கும் காந்தாவும் கேட்டுப் பெறுவதன்று. திங்கள் பலவும், சிலபோது ஆண்டுகள் பலவும் வீட்டுவேலை ஒழிந்த நேரத்தில் தைக்கப்பெறும் இதன் பெரும்பகுதி, கொடுப்பவரின் காலமேயாகும். துணிக்கு விலையில்லை, நூலுக்கு விலையில்லை. காலமும் உழைப்பும் தவிரக் கொடுப்பதற்கு வேறு பொருள் இல்லாத பெண்டிர், அவ்விரண்டையும் கண்காணுமாறு ஆக்கிக் கொடுத்தனர்.

இதனை உணர்ந்த கவிஞர் ஜசீமுத்தீன் (1903-1976) 1929இல் 'நக்சி காந்தார் மாட்' என்னும் நெடுங்கதைப் பாட்டை இயற்றினார். அதில் கணவனைப் பிரிந்த சாஜு என்பாள் தன் வாழ்வின் நிகழ்ச்சிகளை ஒரு காந்தாவில் தைக்கின்றாள். இறக்குங்கால் அதனைத் தன் கல்லறைமேல் விரிக்குமாறு வேண்டுகின்றாள். பின்னர் ஒருநாள் அக்கல்லறையின்மேல் காந்தாவைப் போர்த்தியவாறு அவள் கணவன் ரூபாய் இறந்து கிடக்கின்றான். மகவைப் பொதியும் துணி கல்லறைக்குப் போர்வையாகும் அவ்வமைப்பில் காந்தாவின் இயல்பு முழுவதையும் கவிஞர் அடக்கிவிட்டார். இந்நூல் மில்ஃபோர்டு அம்மையாரால் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பெற்று 1939இல் வெளிவந்தது.

6. எழுத்துப் பொறித்த காந்தா

பெரும்பாலான காந்தாக்களில் தைத்தவர் பெயர் இல்லை. சிலவற்றில் மட்டும் வங்க எழுத்தில் பெயரும் பெறுவோர் உறவும் தைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்பார் தம் தந்தைக்கெனத் தம் கையால் தைத்தது. நாட்டுப்புறக் கலைப்பொருள்களை அரிதின் தேடித் தொகுத்த குருசதய தத்தர் (1882-1941) பெயரால் கொல்கத்தாவை அடுத்த ஜோக்காவில் அமைந்த அருங்காட்சியகத்தின் உடைமை அது. கும்பினிச் சிப்பாய்களும் ஐரோப்பியரும் அதில் உருவங்களாக இடம்பெறுகின்றனர். இல்லத்துள் இருந்து தைத்த பெண்ணின் நோக்கு இல்லத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வெழுத்துகளைக் கல்வெட்டோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். கோயிற் கல்வெட்டு ஒன்று, இன்னார் இன்ன நிலத்தை இன்ன அறத்துக்கு அளித்தார் எனக் கூறும். ஆங்குக் கொடுத்த பொருள் வேறு. கொடையைப் பதிந்த கல் வேறு. எழுத்துடைக் காந்தாவிலோ கொடைப்பொருளும் ஆவணமும் ஒன்றே. நிலம் கைம்மாறிய பின்னும் கல் நிற்கும். காந்தா தேய்ந்தால் ஆவணமும் உடன் தேயும். ஆதலின் நமக்கு எஞ்சியவை மிகுதியும் பயன்படுத்தாது பேணி வைத்தவையே. நாள்தோறும் போர்த்தி, துவைத்து, மீண்டும் ஒட்டிட்டுப் பயன்கொண்ட காந்தாக்கள் தம் கடமையை ஆற்றி மறைந்தன. எஞ்சியவற்றை மட்டும் கொண்டு இக்கலையின் முழு இயல்பையும் முடிவு செய்தல் பொருந்தாது.

7. அருங்காட்சியகமும் அங்காடியும்

காந்தாவைக் கற்றோர் கருத்துக்குக் கொணர்ந்தவருள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இசுடெல்லா கிராம்ரிச் (1896-1993) குறிப்பிடத்தக்கவர். 1939இல் காந்தா பற்றிய அவர் கட்டுரை வெளிவந்தது. அவர் திரட்டிய காந்தாக்கள் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா கலைக்காட்சியகத்தைச் சென்றடைந்தன; 2009இல் ஆங்குக் காந்தாக்களுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றும் தொடங்கப்பெற்றது. வங்கதேசத்து அறிஞர் நியாஸ் ஜமான் 1981இல் காந்தாத் தையற்கலை பற்றித் தனிநூல் எழுதினார்.

இதற்கிடையே அத்தொழிலின் நிலை மாறிற்று. ஆலைத் துணியும் விலை மலிந்த கம்பளமும் பெருகியபின் பழைய முறைக் காந்தா அருகிற்று. 1947இன் பிரிவினை, காந்தாவுக்குப் பெயர்பெற்ற யசோர், பரீத்பூர், குல்னா, இராசசாகிப் பகுதிகளின் பெரும்பாகத்தைக் கிழக்குப் பாகிசுத்தானத்தில் சேர்த்தது. 1971இல் அது வங்கதேசம் ஆயிற்று. அந்நாட்டில் 1978இல் தோன்றிய ஆரோங் போன்ற நிறுவனங்களும், மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதனைச் சூழ்ந்த முயற்சிகளும் காந்தாத் தையலை மீண்டும் தளிர்க்கச் செய்தன. இன்று பட்டுப் புடைவையிலும் மேலாடையிலும் காந்தாத் தையல் விளங்குகின்றது.

இம்மறுமலர்ச்சியால் எண்ணற்ற ஊரகப் பெண்டிர் கூலி பெறுகின்றனர். அதனைக் குறைகூறுதல் அறமாகாது. ஆயினும் வேறுபாட்டை உணர்தல் ஆய்வாளர் கடமை. புதுத்துணி, கடைநூல், பிறர் வரைந்தளித்த சித்திரம் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது தையல் எஞ்சிற்று, உறவு நீங்கிற்று. தைப்பவர் உடுப்பவரை அறியார். உடுப்பவர் தைப்பவரை அறியார். அருங்காட்சியகத்திலும் இத்தகைய இழப்பே நேர்கின்றது. ஊர், நூற்றாண்டு, நீளம், அகலம் ஆகியவற்றைப் பதியும் குறிப்பேடு, இது யாருக்கென யாரால் தைக்கப்பெற்றது என்னும் இடத்தில் வெறுமையாக நிற்கின்றது. தொகைநூல் ஒன்றில் பாடினோர் பெயரும் பாடப்பட்டோர் பெயரும் கூறும் அடிக்குறிப்புகள் அழிந்துபோயின் எத்துணை இழப்போ, அத்துணை இழப்பு ஈதாகும்.

8. முடிபு

மேற்கூறியவற்றான், ஒட்டுத்துணிக்கு வறுமை, துறவு என்னும் இரு பொருள்களே அல்லாமல் அன்பு என்னும் மூன்றாவது பொருளும் உண்டு என்பது பெறப்படும். அம்மூன்றாவது பொருள் வங்கத்துக்கே உரியதோ எனின், அன்று. தமிழர் இல்லங்களிலும் பிறந்த குழந்தையைப் பழைய மெல்லிய பருத்தித் துணியிலேயே ஏந்துகின்றனர். தாயின் பழம்புடைவையையே ஏணையாகக் கட்டுகின்றனர். பாட்டியின் புடைவையை நான்காக மடித்து மகவுக்கு விரிக்கின்றனர். செயல் நம்மிடமும் உளது. அதனைப் பெருமையுடன் குறிக்கும் சொல் வழக்கே நம்மிடம் வளரவில்லை. கந்தை என்னும் சொல்லை வறுமைக்கே ஒதுக்கிவிட்டமையால், அன்பினால் ஆகிய பழந்துணி பெயரின்றி நிற்கின்றது.

பெயரில்லாப் பொருள் ஆய்விலும் இடம் பெறாது. வீட்டில் பழந்துணியை ஒட்டியும் அடுக்கியும் தைத்த விரிப்பு, மெத்தை, பை, குழந்தைத் துணி ஆகியவற்றுக்கு வட்டாரந்தோறும் வழங்கும் பெயர்களையும், அவற்றைத் தைத்தார், பெற்றார் உறவுகளையும் கேட்டுப் பதிதல் நம் ஆராய்ச்சி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. அதற்கு ஓலைச்சுவடி நிலையங்களை நாடவேண்டுவதில்லை; தத்தம் வீட்டிலுள்ள மூத்த பெண்டிரை வினவினால் போதும். அம்மூதாட்டியர் மறைந்தபின் எஞ்சுவது அளவு மட்டும் குறித்த துணியாகவே இருக்கும். அப்பணி இப்பொழுதே தொடங்கப்பெறல் வேண்டும் என்பது எம் துணிபு.